பத்து நாள் விசாவும் ஒரு வாசல் மணியும்

1. எங்கள் பட்டறை, மீனுக்குக் கொட்டும் ஐஸ் செய்யும் இயந்திரம் ஒன்றைக் கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவு நாட்டுக்கு விற்றது.

2. அதைப் பொருத்தி ஓடவிட இரண்டு பேர் போகவேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். ஒருவர் அவர். மற்றவர் நான்.

3. இத்தாலியரான அவருக்கு விசா வேண்டியதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கு வேண்டும்.

4. ரோமில் இருந்த அந்த நாட்டின் தூதரகக் கந்தோர் கேட்ட பத்திரங்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சேர்த்தேன்.

5. அந்த ஒன்று, பலெர்மோவில் நான் இன்ன வீட்டில் வசிக்கிறேன் என்று கொமுனே, அதாவது நகரசபை, கொடுக்கும் சான்றிதழ்.

6. அதைச் சரிபார்க்கக் கொமுனே ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பியது.

7. அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

முதல் ஆறும் நடந்தபோது நான் பதறவில்லை. எண் போட்டு எழுதினால் எந்த வேலையும் முடியும் என்றுதான் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்தபோது வந்த பழக்கம் அது. பழுதான சுற்று ஒன்று கைக்கு வந்தால், எது எது வேலை செய்கிறது என்று முதலில் எழுத வேண்டும். மிஞ்சுவதுதான் பழுது.

பட்டறை துறைமுகத்துக்குப் பின்னால் இருந்தது. முதலாளியோடு சேர்த்து ஐந்து பேர். வுச்சீரியாச் சந்தையில் மீன் விற்கிறவர்கள் சிலர் எங்கள் இயந்திரத்து ஐஸைத்தான் மீனின் மேல் கொட்டினார்கள். நான் இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் கம்பி இணைத்தேன். அதற்கு முன் நகரத்தின் சீசா என்ற பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டில் தங்கி வீட்டுவேலை செய்தேன். பட்டறைக்கு வந்தபிறகு நிலம் துடைக்கும் தடியைக் கையில் எடுக்கவில்லை. ஆனால் என்னோடு செய்த ஒப்பந்தம் கோடை வரைக்கும்தான். என் பெர்மெசோவை, இந்த நாட்டில் இருக்க எனக்குள்ள அனுமதியை, அடுத்த தடவை புதுப்பிக்கவும் ஒரு வேலை ஒப்பந்தம் காட்டவேண்டும்.

அந்தத் தீவுக்கு நான் ஏன் போகவேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. அங்கே மின்சாரம் அறுபது ஹேர்ட்ஸ், இங்கே ஐம்பது. மோட்டார் அங்கே வேகமாகச் சுற்றும். பெட்டிக்குள் நேரக் கணிப்பை அந்த இடத்தில் வைத்தே திருத்தவேண்டும். மற்றது ஆங்கிலம்.

“என்னுடைய ஆங்கிலம் ‘குட் மோர்னிங்’ வரை போகும். பத்து நாளும் காலையாகவே இருக்காதே” என்றார் முதலாளி.

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: “போய் வந்தால் உன் ஒப்பந்தத்தை நிரந்தரம் ஆக்குகிறேன். இனி வெளிநாட்டு வேலைகள் வரும். போகக்கூடிய ஆள்தான் எனக்கு வேண்டும்.”

போகமுடியாத ஆளை என்ன செய்வார் என்று அவர் சொல்லவில்லை.

விசாவைப் பற்றி அவருக்குக் கவலையே இருக்கவில்லை. “உங்கள் நாடும் அந்த நாடும் ஒரே ராணியிடம் இருந்தவைதானே? உனக்குக் கதவு திறந்திருக்கும். என்னைத்தான் வாசலில் நிறுத்துவார்கள்.”

ரோமுக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசியது ஒரு பெண். பாடுவதுபோல ஏறி இறங்கும் ஆங்கிலம். முதலாளிக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டேன். கடவுச்சீட்டு, திரும்பும் டிக்கெட், அழைத்தவரின் கடிதம், அவ்வளவுதான் என்றார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். நாட்டைச் சொன்னதும் தாள் புரளும் சத்தம் கேட்டது.

கடவுச்சீட்டும் படங்களும். இயந்திரத்தை வாங்கியவர்களின் அழைப்புக் கடிதம், அதில் எந்த நாட்களில் என்ன செய்ய வருகிறேன் என்ற விவரம். எனக்குச் சம்பளம் இங்கேதான், அங்கே எவரிடமும் வாங்கமாட்டேன் என்று எங்கள் பட்டறையின் கடிதம். திரும்பும் டிக்கெட். என்னை மறுபடி இத்தாலிக்குள் விடுவார்கள் என்பதற்குக் குவெஸ்தூராவின், அதாவது பொலிஸ் தலைமையகத்தின், முத்திரை. கடைசியாக, வீட்டுச் சான்றிதழ்.

“டிக்கெட்டை எல்லாரும் காட்டுகிறார்கள். திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறதா என்றுதான் நாங்கள் பார்ப்போம்” என்றார் அந்தப் பெண். பிறகு கேட்டார்: “அங்கே கையில் கருவி எடுப்பீர்களா?”

“எடுப்பேன்.”

“அப்படியானால் கடிதத்தில் ‘விற்ற இயந்திரத்தைப் பொருத்திக் கொடுப்பது’ என்று இருக்கவேண்டும். ‘வேலை’ என்று மட்டும் இருந்தால் அது வேறு அனுமதி. வேறு கந்தோர். மாதக்கணக்கில் இழுக்கும். வணிகக் காரியமாகக் கொஞ்ச நாளைக்கு வருகிறவர் வேறு, வேலைக்கு வருகிறவர் வேறு.”

லண்டனில் விமானம் மாறினால் அதற்கும் எனக்குத் தனியாக ஒரு விசா வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். முதலாளி பயணத்தை மாற்றினார். மிலானிலிருந்து உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நேரே அந்தத் தீவுக்குப் போகும் விமானம். வாரத்துக்கு ஒன்று. இயந்திரம் ஏற்கெனவே கப்பலில் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுச் சான்றிதழ்தான் எல்லாவற்றிலும் இலகுவானது என்று நினைத்துக் கடைசிக்கு விட்டிருந்தேன்.

பட்டறையில் சேர்ந்தபோது நான் சீசாவை விட்டு அல்பெர்கேரியாப் பகுதிக்கு வந்திருந்தேன். பல்லரோச் சந்தைக்கு மேலே, ஒடுங்கிய சந்து ஒன்றில் மூன்றாம் மாடி. இரண்டு அறையும் ஒரு குசினியும். வீடு வடமராட்சியிலிருந்து வந்த அக்கா ஒருவரின் பொறுப்பில் இருந்தது. அக்கா ஒரு வழக்கறிஞர் வீட்டில் வேலை செய்தார், அவருக்குப் பெர்மெசோ இருந்தது. பின்னால் வந்துசேர்ந்த அவருடைய கணவருக்கு இருக்கவில்லை. பத்திரம் இல்லாதவர்களுக்குக் கடைசியாகப் பொதுமன்னிப்புக் கொடுத்தபோது அவர் இன்னும் வழியில் இருந்தார். அவரை நான் அண்ணை என்று கூப்பிட்டேன். ஓர் உணவகத்தின் குசினியில் இரவு முழுவதும் சட்டி கழுவிவிட்டு விடிய வந்து மத்தியானம் வரை படுப்பார். அவர்களின் அறைக்குக் கதவு இல்லை, ஒரு திரைதான். முன்னறை யன்னல் ஓரத்தில் என் கட்டில்.

அந்த வீட்டின் மணிக்கு ஒரு விதி இருந்தது. எங்கள் ஆட்கள் இரண்டு தரம் அடிப்பார்கள், கீழே நின்று தமிழில் கூப்பிடவும் செய்வார்கள். மணி ஒரு தரம் அடித்தால் வெளியாள். உடனே அண்ணை குசினி யன்னலால் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அக்கா சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சம் திறந்து, ஒருவரும் இல்லை, ஒன்றும் தெரியாது என்று இத்தாலியனில் சொல்வார். மணியில் எங்களில் எவருடைய பெயரும் இல்லை. முன்பு அங்கே இருந்த ஒரு சிசிலியக் கிழவரின் பெயர் இருந்தது. அவர் செத்து வெகுகாலம். அவருடைய பெயரில்தான் நாங்கள் வசித்தோம்.

கொமுனேயில் இந்த முகவரியைக் கொடுக்கலாமா என்று அக்காவிடம் முதலிலேயே கேட்டிருந்தேன். சரிபார்க்க ஓர் ஆள் வருவார் என்பதையும் சொல்லியிருந்தேன்.

“ஓம் பிள்ளை, குடும். கொமுனே ஆள்தானே? வந்தா ஒரு தேத்தண்ணி குடுத்து அனுப்புவம்” என்றார் அக்கா.

சான்றிதழை எடுக்கப் போன அன்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று அதில் எழுதிக் கையொப்பம் போட்டிருந்தது.

“அப்படியானால் என்னுடைய சீசா முகவரியில் ஒரு சான்றிதழ் தாருங்கள்” என்றேன்.

“அங்கேயிருந்து உன்னை எடுத்தாயிற்று. அந்த வீட்டு சிஞ்ஞோராவே வந்து சொல்லிவிட்டார்.”

“அப்போ நான் எங்கே வசிக்கிறேன்?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. தாளை ஒருமுறை மறுபடி வாசித்துப் பார்த்தார். “இதன்படி, எங்கேயும் இல்லை” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அன்று அண்ணைக்கு வேலை இல்லை, திரைக்குப் பின்னால் படுத்திருந்தார்.

“அக்கா, கொமுனேயிலையிருந்து ஆரும் வந்தவையோ?”

“இல்லைப் பிள்ளை. நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். ஒருத்தரையும் காணேல்லை.”

“வந்ததெண்டு எழுதியிருக்கு.”

அக்கா கத்தியை நிறுத்தி யோசித்தார். “கொமுனே ஆக்கள் வரேல்லை. போன கிழமை ஒரு பொலிஸ்காரன் வந்தவன். அவனை நான் கலைச்சுப்போட்டன்.”

“என்ன கேட்டவர்?”

“உம்மடை பேரைச் சொல்லித்தான் கேட்டவன். நான் விடுவனே? அப்பிடி ஒரு பெட்டை இஞ்சை இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை எண்டனான். சிலோன் ஆக்களையே எனக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்.” அக்காவின் முகத்தில் நல்ல காரியம் செய்த திருப்தி. “நீர் பயந்துபோவீர் எண்டு சொல்லாமல் விட்டனான்.”

“அக்கா, அவர்தான் கொமுனே ஆள்.”

“ஆர், அந்தத் தொப்பிக்காரனோ?”

“ஓம். அவையை விஜிலே எண்டு சொல்லுறது. நகரசபைக் காவலர். வீடு பாக்க அவையைத்தான் அனுப்புறவையாம்.”

“இடுப்பிலை துவக்கு வைச்சிருந்தவன்!”

“ஓம் அக்கா.”

“கொமுனே ஆள் எண்டா கழுத்திலை ரை கட்டி, பைலும் கையுமா வருவான் எண்டெல்லே நான் பாத்துக்கொண்டு இருந்தனான். துவக்கோட வந்தவனுக்குத் தேத்தண்ணி ஊத்துறதோ?”

திரைக்குப் பின்னால் அண்ணை சிரித்தார். “சிலோன் ஆக்களையே தெரியாதாம். சேலையோட நிண்டு சொல்லியிருக்கிறாள்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. மறுபடி விண்ணப்பம் கொடுக்கவேண்டும், அவர் மறுபடி வருவார் என்று சொன்னேன். திரைக்குப் பின்னால் சிரிப்பு நின்றது.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். “வேண்டாம் பிள்ளை. முதல் வந்தவன் வாசலோட போயிட்டான். இந்த முறை உள்ளுக்கை வந்து பாப்பான். முந்தி ஏன் பொய் சொன்னனி எண்டு கேப்பான். வீட்டிலை வேறை ஆர் எண்டு கேப்பான். நான் இவரை எங்கை கொண்டுபோய் ஒளிக்கிறது?”

“அக்கா, இது இல்லாட்டி விசா இல்லை. விசா இல்லாட்டி எனக்கு வேலை இல்லை.”

“உமக்கு ஒரு பயணம். எனக்கு இவர்” என்றார் அக்கா.

அக்கா சொன்னதில் பிழை இல்லை. இரண்டு பேருமே கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த நாள் பட்டறையில் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன், அண்ணையைப் பற்றியதை விட்டுவிட்டு. அவர் நாட்காட்டியைப் பார்த்தார்.

“அடுத்த விமானத்தை விடலாம். அதற்கடுத்ததை விடமுடியாது, கப்பல் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குள் விசா வராவிட்டால் நான் தனியே போகிறேன். அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக்கொள்கிறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் மறுமொழி சொல்லியிருப்பேன். அவர் அமைதியாகச் சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார். மத்தியானம் ஒருவரோடு தொலைபேசியில் கதைத்தார். ஆங்கிலம் தெரிந்த மின்னியலாளர் எவராவது உண்டா என்று விசாரித்தது என் காதில் விழுந்தது.

மறுபடி தன் முகவரியில் என்னைப் பதிய விடுவாரா என்று சீசா சிஞ்ஞோராவிடம் போய்க் கேட்டேன். வீட்டுப் பதிவில் ஆள் கூடினால் கட்டடத்துக்குத் தான் கட்டும் கட்டணம் கூடும் என்றார், கோப்பி தந்து அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்த மற்ற வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எங்கள் ஆட்களின் வீடு எதிலும் மணியில் பெயர் இல்லை. எல்லா வீட்டிலும் ஒரு திரையும் திரைக்குப் பின்னால் ஒருவரும் இருந்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் அண்ணை. ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டில் அவராகவே தொடங்கினார்.

“நான் கொஞ்ச நாளைக்கு விடிய வீட்டை வராமல் விடுறன். கடையிலை மா மூட்டை வைக்கிற அறை இருக்கு. அதுக்கை படுப்பன். கடை முதலாளிக்குச் சொல்லியாச்சு.”

“எலி ஓடுற அறையிலையோ?” என்றார் அக்கா.

“எலி பெர்மெசோ கேக்காது.”

“பகிடி விடாதேங்கோ. அவன் வந்து தோண்டினா?”

அண்ணை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். “இஞ்சேரும், எனக்குத்தான் பத்திரம் இல்லை. இந்தப் பிள்ளைக்கு இருக்கு. உள்ள பிள்ளையையும் இல்லையெண்டு எழுத விடுறதே?”

அக்கா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். கோப்பைகள் பலமாக மோதிக்கொண்டன. திரும்பி வந்தபோது கையைத் துடைத்தபடி என்னிடம் கேட்டார்: “அந்தத் தொப்பிக்காரன்ரை கந்தோர் எங்கையிருக்கு?”

கொமுனேயில் மறுபடி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, விஜிலேகளின் காவற்கூடத்துக்கு அக்காவும் நானும் நடந்தே போனோம். தெருவில் எங்கே தொப்பியைக் கண்டாலும் மறுபக்கம் மாறி நடக்கிறவர் அக்கா. அன்று தானாகவே தொப்பிகள் நிறைந்த ஓர் அறைக்குள் போனார். என் சட்டைக் கையை விடவில்லை. மேசையில் இருந்தவர், வீட்டுக்கு வந்த அதே ஆள். பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டார்.

“ஓ! யாரையும் தெரியாத சிஞ்ஞோரா!”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினார், வேலை வீட்டில் பழகிய துண்டு துண்டான இத்தாலியனில். “இவள் இருக்கிறாள். என் வீட்டில். அன்றைக்கு நான் பொய். பயம்.”

பேனா எடுப்பார், பெயர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையில் சாய்ந்தார். “சிஞ்ஞோரா, நான் பல்லரோவில் பல காலம் கதவு தட்டுகிறேன். உங்களுக்குக் கீழ் வீட்டுக்காரி இந்தச் சந்திலேயே பிறந்தவள். போன மாதம் தன் சொந்தப் புருஷனையே தெரியாது என்றாள். அவன் அவளுக்குப் பின்னால் நின்று தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.”

அக்காவின் பிடி என் கையில் கொஞ்சம் தளர்ந்தது.

“மணியில் பெயரைப் போடுங்கள்” என்றார் அவர். “செத்தவனின் பெயரைப் பார்த்து நான் எப்படி எழுதுவது? பெயர் இருக்கவேண்டும், கட்டில் இருக்கவேண்டும், ஆள் இருக்கவேண்டும். இருந்தால் எழுதுவேன்.”

“எப்போது வருவீர்கள்?” என்று கேட்டேன்.

“வரும்போது.”

கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் நாடாவில் எழுத்துக் குத்தும் கருவி ஒன்று பட்டறையில் இருந்தது. அதில் என் பெயரைக் குத்தி, கிழவரின் பெயருக்குக் கீழே ஒட்டினேன். அன்று மாலை வேலையால் வந்து பார்த்தால் அது இல்லை. மேலே ஓடினேன். நாடா குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

“பொழுதுபட்டா கழட்டிப்போடுவன்” என்றார் அக்கா. “விடிய ஒட்டுறன். இரவிலை கொமுனே வராதுதானே? வந்தா அது மற்றவங்கள், பெர்மெசோ பாக்கிற பொலிஸ்.”

கழற்றி ஒட்டியதில் நாடாவின் பசை போயிற்று. இன்னும் சில நாடாக்கள் குத்திக் கொடுத்தேன்.

அதன்பிறகு காத்திருப்பு. பட்டறைக்குக் காலையில் பிந்தி வர முதலாளி சம்மதித்திருந்தார், ஆனால் ஒவ்வொரு நாளும் நான் உள்ளே வரும்போது கடிகாரத்தைப் பார்த்தார். நான் யன்னல் ஓரத்தில் உடுத்துத் தயாராக இருப்பேன். கீழே சந்தை விடியவே கத்தத் தொடங்கிவிடும். மீன்காரனின் குரல், மூன்று சக்கர வண்டிகளின் இரைச்சல், அதற்கிடையில் மணிச் சத்தம் ஒன்று தனியாகக் கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஒருதரம் அடித்தது. காஸ் சிலிண்டர்காரன் வீடு மாறி அடித்திருந்தான். அக்கா சங்கிலியோடு கதவைத் திறந்து, பழக்க தோஷத்தில், ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டார். பிறகு படியால் ஓடி இறங்கி, ஆள் இருக்கிறது, இருக்கிறது என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தார்.

விட்டுவிடலாம் என்று முதலாளி சொன்ன விமானம் நாங்கள் இல்லாமல் போனது. அடுத்ததுதான் கடைசி. ரோமுக்குப் பத்திரங்கள் போய்க் கடவுச்சீட்டுத் திரும்பி வர வேண்டிய நேரத்தைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் அதிகம் இருக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் விடிய நல்ல மழை. அண்ணை தலையிலிருந்து கால்வரை நனைந்து வந்து நின்றார். மா அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம், மூட்டைகளைத் தூக்குவதற்காக அவரை எழுப்பிவிட்டார்களாம்.

“உந்த மழைக்கை ஆர் வரப்போறான்?” என்றபடி திரைக்குப் பின்னால் போனார்.

சந்தை கூட அன்று கத்தவில்லை. மழைச் சத்தம் மட்டும். அதனால் மணி மிகத் தெளிவாகக் கேட்டது. ஒருதரம்.

கீழே எட்டிப் பார்த்தேன். தொப்பிக்கு மேல் மழைத் துணி மாட்டியிருந்தது. கீழ் வீட்டுக்காரி வெளிக்கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும், அடுத்த நிமிடம் படியில் சப்பாத்துச் சத்தம். அக்கா குசினி யன்னலைப் பார்த்தார். மொட்டைமாடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அங்கே போக முன்னறையைக் கடக்கவேண்டும். நேரம் இல்லை. என் மூளை வழக்கம்போல எண் போடத் தொடங்கியது. ஒன்றுக்கு மேலே போகவில்லை.

அக்கா கதவடிக்குப் போனார். சங்கிலியை எடுத்தார். கதவை அகலத் திறந்தார். அந்தக் கதவு சுவர் வரைக்கும் திறக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

விஜிலே மழைத் துணியைப் படியில் உதறிவிட்டு உள்ளே வந்தார். என் கடவுச்சீட்டைப் பார்த்தார், பிறந்த திகதியைக் கேட்டார். கட்டிலைப் பார்த்தார். கட்டில் தலைமாட்டில் என் புத்தகங்களும் மின் அளக்கும் மீற்றரும் இருந்தன.

“இது என்ன?”

“மின்சாரம் பார்ப்பது. என் வேலைக்கு.”

தலையாட்டினார். பிறகு பேனையால் திரையைக் காட்டினார். “அங்கே?”

சாமான் வைக்கும் இடம் என்ற இத்தாலியன் வார்த்தைகள் என் நாக்கில் வந்து நின்றன. அக்கா முந்திக்கொண்டார்.

“என் புருஷன். நித்திரை. இரவு வேலை.”

விஜிலே தன் தாளைக் குனிந்து பார்த்தார். அதில் ஒரு பெயர்தான் இருந்தது, என்னுடையது. நிமிர்ந்து திரையைப் பார்த்தார். அப்போது திரைக்குப் பின்னால் குறட்டை தொடங்கியது. நீளமாக, ஒழுங்காக, ஏறி இறங்கி. அண்ணை குறட்டை விடுகிறவர் இல்லை.

விஜிலே கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இங்கே கையொப்பம் போடு” என்றார் என்னிடம். தானும் தாளைச் சுவரில் வைத்துப் போட்டார்.

வாசலில் நின்று மழைத் துணியை மாட்டும்போது சொன்னார்: “நல்ல வெயிலில் வந்தால் இந்தச் சந்தில் ஒருவரையும் பிடிக்கமுடியாது. அதனால் இந்தப் பக்கத்து வீடுகளை மழை நாளுக்கு வைத்துக்கொள்வேன்.”

படியில் சத்தம் ஓயும் வரை எவரும் அசையவில்லை. அக்கா அப்படியே நிலத்தில் இருந்தார். திரையை விலக்கினேன். அண்ணை போர்வைக்குள் சப்பாத்தோடு, ஈர உடுப்போடு கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

“போயிட்டார் அண்ணை.”

“உண்மையாவோ?”

“உண்மையா.”

“உதென்ன குறட்டை?” என்றார் அக்கா நிலத்திலிருந்து. “மாடு கத்தின மாதிரி. எனக்குச் சீவன் போட்டுது.”

“நித்திரை எண்டு நீர்தானே சொன்னனீர். பிறகு நான் என்ன செய்யிறது?”

சான்றிதழ் கிடைத்த அன்றே எல்லாப் பத்திரமும் ரோமுக்குப் போயிற்று. விமானத்துக்கு முதல் நாள் மத்தியானம் கடவுச்சீட்டு பட்டறைக்கு வந்தது. முதலாளி உறையை என்னிடம் தந்துவிட்டு, நான் திறக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். ஒரு பக்கம் முழுவதும் முத்திரை, இடையில் கையால் எழுதிய வரிகள். வணிகப் பயணம். ஒருமுறை நுழைவு. பத்து நாள். உள்நாட்டில் வேலை பார்க்கத் தடை.

விமானம் நிறையப் புதிதாகக் கலியாணம் செய்தவர்கள். தீவில் இறங்கியதும் முதலாளி அவர்களோடு வரிசையில் நின்று ஒரு நிமிடத்தில் மறுபக்கம் போய்விட்டார். என்னை ஓரமாக ஒரு கதிரையில் இருத்தினார்கள். ஓர் அதிகாரி கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மீன்துறைமுகத்துக்குத் தொலைபேசி எடுத்து, இயந்திரம் உண்மையா என்று கேட்டார். கண்ணாடிக்கு அப்பால் முதலாளி இரண்டு பெட்டிகளோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்து நாள் முடிந்ததும் எங்கே போவீர்கள்?” என்றார் அதிகாரி.

முகவரியைச் சொன்னேன். சந்தின் பெயர், மூன்றாம் மாடி. சான்றிதழ் அவருடைய கையிலேயே இருந்தது, இருந்தும் சொன்னேன்: “மணியில் என் பெயர் இருக்கிறது.”

முத்திரை குத்தினார்.

இயந்திரம் கொஞ்சம் படுத்தியது. நேரக் கணிப்பைத் திருத்தியபிறகு ஐஸ் விழுந்தது. விசா முடிய முன்னரே புறப்பட்டோம்.

இப்போது நிலைமை இதுதான். என் ஒப்பந்தம் நிரந்தரமாகிவிட்டது. அந்த விசா முடிந்துவிட்டது, இன்னொரு முறை போவதென்றால் எல்லாப் பத்திரமும் மறுபடி முதலிலிருந்து சேர்க்கவேண்டும். அண்ணைக்கு இன்னும் பெர்மெசோ இல்லை. அடுத்த பொதுமன்னிப்பு வரும் என்று கதைக்கிறார்கள், எப்போது என்று எவருக்கும் தெரியாது. மணியில் கிழவரின் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. இப்போது இரவில் அக்கா என் பெயரைக் கழற்றுவதில்லை. ஒருதரம் அடித்தால் அண்ணை இன்னும் குசினி யன்னலால்தான் போகிறார்.